டின்பாலை எதிர்த்து சிங்கப்பூரில் குரல் கொடுத்த டாக்டர்: யார் இந்த சிசிலி வில்லியம்ஸ்?

கோப்பிக்கடையில் ஒரு கோப்பி வாங்குகிறீர்கள். கிண்ணத்தின் அடியில் கெட்டியாக ஒரு படிவு இருக்கும். கரண்டியால் நாலு சுற்று சுற்றினால் கரைந்துவிடும். அதுதான் டின்பால்.

பெரியவர்களுக்கு அது ஒரு ருசி, அவ்வளவுதான். ஆனால் 1930களில் இதே சிங்கப்பூரில் அதைத் தண்ணீரில் கரைத்துக் கைக்குழந்தைகளுக்கு உணவாகவே கொடுத்தார்கள். தாய்ப்பாலுக்குப் பதிலாக!

1939இல் ஊரின் முக்கியப் புள்ளிகள் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் ஒரு பெண் மருத்துவர் அதை எதிர்த்துப் பேசினார். பூசி மெழுகவில்லை. பால், கொலை இரண்டையும் சேர்த்துத்தான் உரைக்குத் தலைப்பே வைத்திருந்தார்.

அவர் பெயர் சிசிலி வில்லியம்ஸ். குழந்தை மருத்துவம் படிக்கும் எல்லாருக்கும் தெரிந்த பெயர். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர், சாங்கி முகாமில் கைதியாக இருந்தவர். இருந்தும் இங்கே வெளியில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு.

நீரிழிவு பற்றிப் பேச்சு எடுத்தால் நாம் பெரும்பாலும் 40 வயதுக்குப் பிறகு என்ன சாப்பிடுகிறோம் என்றுதான் பார்க்கிறோம். அண்மைய ஆய்வுகளோ கணக்கை வாழ்க்கையின் முதல் 1,000 நாளிலிருந்து தொடங்கச் சொல்கின்றன. அதாவது கருவில் இருக்கும் காலம், பிறகு முதல் 2 வயது. சிசிலி தமது வாழ்நாள் முழுவதும் கவனித்துக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அதே வயதைத்தான்.

சீனி விளையும் தீவில் பிறந்தவர்

சிசிலி டெல்ஃபின் வில்லியம்ஸ் 1893 டிசம்பர் 2ஆம் தேதி ஜமைக்காவில் பிறந்தார். வெஸ்ட்மோர்லண்ட் வட்டாரத்தில் கியூ பார்க் என்ற தோட்டத்தில் வீடு. பல தலைமுறையாக அங்கேயே இருந்த வெள்ளையர் குடும்பம். அப்பா தீவின் கல்வித் துறையில் பெரிய பொறுப்பில் இருந்தவர்.

கரும்பும் சீனியும் அடிமைகளின் உழைப்பும்தான் ஜமைக்காவின் பழைய வரலாறு. உலகம் முழுக்கச் சீனி மலிவாகக் கிடைக்கக் காரணமாக இருந்த தீவுகளில் அதுவும் ஒன்று. அந்த மண்ணில் பிறந்தவர் பிற்காலத்தில் சீனி கலந்த பாலோடு மல்லுக்கட்டினார்!

மகளுக்குக் கல்யாணம் ஆவது சந்தேகம், அதனால் டாக்டராகிவிடட்டும் என்று அப்பா சொன்னதாக ஒரு கதை உண்டு. அப்போது சிசிலிக்கு வயது 9. அந்தக் காலத்து அப்பாக்கள் அப்படித்தான் போலிருக்கிறது.

13 வயதில் படிக்க இங்கிலாந்துக்குப் போனார். 19 வயதில் ஆக்ஸ்ஃபர்டின் சோமர்வில் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆனால் ஜமைக்காவில் பெற்றோருக்கு உதவி தேவைப்பட்டதால் வீடு திரும்பினார். அப்பா இறந்த பிறகு, முதல் உலகப் போரின் நடுவில், மறுபடி ஆக்ஸ்ஃபர்டுக்குப் போய் மருத்துவம் சேர்ந்தார். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் பெண்களுக்கு மருத்துவ வகுப்பில் இடம் கிடைத்த நேரம் அது. 1923இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் பயிற்சியை முடித்து டாக்டரானார்.

போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் பெண் டாக்டர்களுக்கு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு ஆனது. சிசிலி லண்டனில் பிள்ளைகளுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்தார். கிரேக்க நாட்டில் அகதிகளிடையே பணியாற்றினார். வீட்டு நிலைமை தெரியாமல் ஒரு பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க முடியாது என்ற எண்ணம் அப்போதே அவருக்கு வந்துவிட்டது. அதன் பிறகு வெப்பமண்டல மருத்துவம் படித்து, 1929இல் பிரிட்டிஷ் காலனிகளின் மருத்துவச் சேவையில் சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். அப்போது அதன் பெயர் கோல்ட் கோஸ்ட். இன்றைய கானா.

சவலைப் பிள்ளையும் குவாஷியோர்கரும்

கானாவின் தலைநகர் அக்ராவில் அவர் பார்த்த பிள்ளைகள் பலருக்கு ஒரே மாதிரி அறிகுறிகள். வயது 1இலிருந்து 4க்குள். கை கால் வீங்கியிருக்கும். முடி நிறம் வெளுத்துச் செம்பட்டையாகிவிடும். தோல் கருத்து உரியும். எதற்கெடுத்தாலும் அழுகை, எரிச்சல். பலர் இறந்துபோனார்கள்.

இந்தப் பிள்ளைகள் எலும்பும் தோலுமாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வீக்கத்தால் சிலர் கொழுகொழு என்றுகூடத் தெரிந்தார்கள். தாய்ப்பால் நின்ற பிறகு அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோளக் கஞ்சி மட்டும். வயிறு நிறைந்தது. உடம்புக்குத் தேவையானது கிடைக்கவில்லை.

அந்த ஊர்த் தாய்மார்களிடமும் தாதியரிடமும் இதற்கு என்ன பெயர் என்று சிசிலி கேட்டார். கா மொழியில் குவாஷியோர்கர் என்றார்கள். அடுத்த குழந்தை வந்ததும் மூத்த குழந்தைக்கு வருகிற நோய் என்பது அதன் பொருள்.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பே தேவையில்லை. நம்ம பாட்டிமார்கள் சவலைப் பிள்ளை என்று சொல்வார்கள் இல்லையா? தம்பியோ தங்கையோ வந்ததும் தாய்ப்பால் கிடைக்காமல் வாடும் பிள்ளை. ஆப்பிரிக்காவின் ஒரு மொழியிலும் தமிழிலும் தாய்மார்கள் ஒரே விஷயத்தைக் கவனித்து ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள்.

1933இல் சிசிலி இதைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். 1935இல் லான்செட் இதழில் அந்த உள்ளூர்ப் பெயரையே போட்டு மறுபடி எழுதினார். சில நிபுணர்கள் ஏற்கவில்லை. இது ஏற்கெனவே தெரிந்த பெல்லாக்ரா என்ற வைட்டமின் குறைபாடுதான் என்றார்கள். அவர் விடவில்லை. இது வேறு, புரதம் போதாத உணவோடு தொடர்புடையது என்று வாதாடினார். பல ஆண்டுகள் கழித்து உலகச் சுகாதார நிறுவனம் ஆப்பிரிக்கா எங்கும் இந்த நோய் பரவியிருப்பதை உறுதி செய்தது. அந்தச் சொல் இன்றும் மருத்துவப் பாடநூல்களில் இருக்கிறது. (புரதம் மட்டுமே காரணமா என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் விவாதம் உண்டு.)

மேலதிகாரிகளோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1936இல் மலாயாவுக்கு மாற்றிவிட்டார்கள். பதவி உயர்வு என்று அதை யாரும் நினைக்கவில்லை.

சிங்கப்பூர்: கடை நிறைய உணவு, பிள்ளைகளுக்குச் சத்துக் குறைவு

சிங்கப்பூரில் அவருக்கு இரண்டு வேலை. மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துவது, பொது மருத்துவமனையில் குழந்தைகள் வார்டைக் கவனிப்பது.

அக்ராவோடு ஒப்பிட்டால் சிங்கப்பூர் பணக்கார ஊர், துறைமுகம், கடைகளில் எல்லாம் கிடைக்கும். ஆனாலும் பிள்ளைகள் சத்துக் குறைவோடு வார்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். ஏன்?

ஒரு காரணம் டின்பால். பால் நிறுவனங்கள் தாதி மாதிரி உடையணிந்த பெண்களை நெருக்கமான கடைவீடுகளுக்கு அனுப்பின. பிள்ளை பெற்ற தாய்மார்களைப் பார்த்து, உங்கள் பாலைவிட டின்பால் நல்லது என்று நம்பவைப்பது அவர்கள் வேலை. வெள்ளை உடை போட்டவர் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

பிறகு நடப்பது ஒரு சங்கிலி. குழந்தை உறிஞ்சினால்தான் தாய்க்குப் பால் சுரக்கும். டின்பால் பழகியதும் குழந்தை உறிஞ்சுவது குறையும், சில நாளில் பால் வற்றிவிடும். அதற்குப் பிறகு டின் வாங்கியே ஆகவேண்டும். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது பெரிய செலவு. அதனால் ஒரு டின்னை அதிக நாள் வருகிற மாதிரி இன்னும் தண்ணீர் ஊற்றிக் கரைப்பார்கள். தண்ணீரும் சுத்தமில்லை, பாட்டிலும் சுத்தமில்லை என்றால் வயிற்றுப்போக்கு.

டின்னுக்குள் என்ன இருந்தது என்பதையும் பார்த்துவிடலாம். பாலிலிருந்து தண்ணீரை வற்றவைத்து, கெட்டுப்போகாமல் இருக்க நிறையச் சீனி சேர்ப்பார்கள். எடையில் 40 விழுக்காட்டுக்கும் மேல் சேர்த்த சீனி. இன்றைக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். மலிவான டின்களைக் கொழுப்பு எடுத்த பாலில் செய்தார்கள். கொழுப்போடு வைட்டமின் ஏ, டி இரண்டும் போய்விடும். ஏ இல்லாவிட்டால் கண் பாதிக்கும், பார்வையே போகலாம். டி இல்லாவிட்டால் எலும்பு வளையும். வெயில் கொளுத்துகிற சிங்கப்பூரில் ரிக்கெட்ஸ் நோயா என்று கேட்கத் தோன்றும். இருந்தது. அதைப் பற்றி சிசிலி பிறகு தனிக் கட்டுரையே எழுதினார்.

தாய்ப்பாலும் இனிப்புத்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த இனிப்பு லாக்டோஸ். குழந்தைக்குத் தேவையான கொழுப்பு, புரதம், நோய் எதிர்ப்புப் பொருள்கள் எல்லாவற்றோடும் சேர்ந்து சரியான அளவில் வருவது. டின்பாலில் கூடுதலாகச் சேர்ப்பது சாதாரண வெள்ளைச் சீனி. அது பிள்ளையின் வயிற்றை நிரப்பும், எடையைக்கூட ஏற்றும். குழந்தை கொழுகொழு என்று இருக்கிறதே என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள்.

1939: அந்த உரை

அந்த ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கம் சிசிலியைப் பேச அழைத்தது. சங்கத்தின் தலைவரே ஒரு பெரிய பால் நிறுவனத்தின் முக்கியப் பொறுப்பில் இருந்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். வந்திருந்தவர்கள் வணிகர்கள், அதிகாரிகள். அழைத்தவர்களின் மனம் கோணாமல் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான்: தினம் தினம் தவறான பால் கொடுக்கப்பட்டுப் பிள்ளைகள் சாவதைத் தாம் நேரில் பார்ப்பதாகவும், குழந்தை உணவைப் பற்றிப் பொய்யான விளம்பரம் செய்வதை மிகக் கொடிய குற்றமாகக் கருதித் தண்டிக்க வேண்டும் என்றும், அந்தச் சாவுகளைக் கொலை என்றே பார்க்க வேண்டும் என்றும் அவர் கூறினார்.

தாய்மார்களை அவர் குறை சொல்லவில்லை. அறியாமையைக்கூடப் பெரிதாகப் பழிக்கவில்லை. அறியாமையைக் காசாக்குகிறவர்களைத்தான் சாடினார். என் பார்வையில் அந்த உரையின் பலமே அதுதான். குழந்தை உணவு என்று வந்தாலே அம்மா மேல் பழி போடுவது நமக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது!

உடனே எதுவும் மாறவில்லை. டின்பால் விற்பனை தொடர்ந்தது. அதற்குள் போரும் வந்துவிட்டது.

சாங்கியில் 20 குழந்தைகள்

1941இல் சிசிலி திரங்கானுவில் பணியில் இருந்தார். டிசம்பரில் ஜப்பானியர்கள் கோத்தா பாருவில் இறங்கியதும் பெரும்பாடு பட்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. மற்ற ஐரோப்பியப் பெண்களோடும் பிள்ளைகளோடும் அவரும் சாங்கி சிறைக்கு நடந்தார்.

உள்ளே அரிசியும் கொஞ்சம் கீரையும்தான். பெண்கள் முகாமின் தலைவர்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1943 அக்டோபர் 10ஆம் தேதி நடந்த சோதனைக்குப் பிறகு ஜப்பானிய இராணுவக் காவல் பிரிவான கெம்பெய்த்தாய் அவரையும் கொண்டுபோனது. உளவு பார்த்ததாகச் சந்தேகம். ஆண் கைதிகளோடு ஒரே நெரிசலான கூண்டில் பல மாதங்கள் பட்டினியோடு வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது பெரிபெரி, வயிற்றுக்கடுப்பு. வைட்டமின் பி1 பற்றாக்குறையால் வரும் பெரிபெரி அவர் பாதங்களின் உணர்ச்சியைப் பாதித்தது, அது கடைசிவரை முழுசாகத் திரும்பவில்லை. சத்துக் குறைவு பற்றிப் பாடம் நடத்தியவர் அதைத் தம் உடம்பிலேயே அனுபவித்தார்.

அந்த முகாமில் 20 குழந்தைகள் பிறந்ததாகவும் 20 பேருக்கும் தாய்ப்பால் கொடுக்கப்பட்டதாகவும் 20 பேரும் உயிர் பிழைத்ததாகவும் சிசிலி பதிவுசெய்திருக்கிறார். அரைப்பட்டினி கிடந்த தாய்மார்கள். டின்பால் நினைத்தாலும் கிடைக்காத இடம். அமைதிக் காலத்தில், கடைகள் நிறைந்த சிங்கப்பூரில் அவர் பார்க்காத கணக்கு அது.

போருக்குப் பிறகு மலாயாவில் தாய் சேய் நலச் சேவைகளுக்குத் தலைமை தாங்கினார். 1948இல் புதிதாகத் தொடங்கியிருந்த உலகச் சுகாதார நிறுவனத்தில் தாய் சேய் நலப் பிரிவின் முதல் தலைவர் ஆனார். அதன் பிறகு டெல்லி, ஜமைக்கா, லண்டன், பெய்ரூட் என்று ஓட்டம் நிற்கவே இல்லை.

சரி, இதற்கும் நீரிழிவுக்கும் என்ன சம்பந்தம்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சிசிலி நீரிழிவைப் பற்றிப் போராடியவர் அல்ல. அவர் காலத்தில் பிள்ளைகள் முதல் பிறந்தநாளைத் தாண்டுவதே பெரிய விஷயம். 50 வயதில் என்ன நோய் வரும் என்று கவலைப்பட யாருக்கும் நேரமில்லை.

ஆனால் அவர் கவனித்த இரண்டு விஷயங்களும், அதாவது தொடக்கத்தில் சத்துக் குறைவு, தொடக்கத்தில் அதிகச் சீனி, பிற்காலத்தில் நீரிழிவு ஆய்வுகளில் வந்து நின்றன.

முதலில் சத்துக் குறைவு. 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உணவு போதாவிட்டால் உடம்பு சிக்கனமாகப் பழகிக்கொள்கிறது. இன்சுலின் சுரக்கும் கணையத்தின் வளர்ச்சியும் குறைகிறது. பிறகு அதே உடம்புக்கு நிறைய உணவு கிடைத்தால் சமாளிக்க முடியாமல் 2ஆம் வகை நீரிழிவு வருகிறது. பஞ்சத்துக்குத் தயாரான உடம்பு விருந்தில் மாட்டிக்கொள்கிற கதை.

இந்திய வம்சாவளியினரான நாம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. புனே நகரில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் செய்த ஆய்வில் அங்கே பிறக்கும் குழந்தைகள் பிரிட்டிஷ் குழந்தைகளைவிட எடை குறைவு, தசையும் குறைவு. ஆனால் உடம்பில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை என்று தெரிந்தது. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. சிங்கப்பூரில் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது நாம் அடிக்கடி கேட்கும் செய்தி. அதற்குப் பல காரணங்கள் உண்டு. இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

ஜமைக்காவையும் மறந்துவிடக்கூடாது. 1950களின் தொடக்கத்தில் சிசிலி அங்கே திரும்பிப்போய் பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்த வாந்தி நோய் ஒன்றை ஆராய்ந்தார். சத்துக் குறைவான பிள்ளைகள் பழுக்காத அக்கி பழத்தைச் சாப்பிட்டால் இரத்தத்தில் சீனி அபாயகரமாக இறங்கிவிடும். அதுதான் அந்த நோய். 1955இல் அதே தீவில் ஹியூ ஜோன்ஸ் என்ற மருத்துவர், வழக்கமான இரண்டு வகையிலும் சேராத ஒரு நீரிழிவை விவரித்தார். ஒல்லியான, சத்துக் குறைவோடு வளர்ந்தவர்களிடம் காணப்படுவது. பல பத்தாண்டுகள் அதைப் பற்றி இழுபறி. வேலூர் சிஎம்சி மருத்துவமனையும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வு அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2025இல் அனைத்துலக நீரிழிவுக் கூட்டமைப்பு அதை 5ஆம் வகை நீரிழிவு என்று ஏற்றுக்கொண்டது.

அடுத்தது சீனி. இதை எப்படிச் சோதிப்பது? ஒரு பகுதிக் குழந்தைகளுக்குச் சீனி கொடுத்து, இன்னொரு பகுதிக்குக் கொடுக்காமல் 50 ஆண்டுகள் காத்திருக்க முடியாது. ஆனால் வரலாறே அப்படி ஒரு சோதனையைச் செய்து வைத்திருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் சீனிக்குப் பங்கீடு இருந்தது. 1953 செப்டம்பரில் அதை நீக்கினார்கள். சீனி சாப்பிடும் அளவு கொஞ்ச காலத்திலேயே ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஆக, 1953க்குச் சற்று முன்னால் பிறந்தவர்கள் குறைந்த சீனியோடு தொடங்கினார்கள், பின்னால் பிறந்தவர்கள் அதிகச் சீனியோடு. மற்றபடி ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே காலம்.

ஆய்வாளர்கள் சுமார் 60,000 பேரின் தகவல்களை எடுத்துப் பார்த்தார்கள். 2024இல் சயன்ஸ் இதழில் முடிவு வெளியானது. முதல் 1,000 நாள் சீனிக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு 2ஆம் வகை நீரிழிவு வரும் சாத்தியம் ஏறக்குறைய 35 விழுக்காடு குறைவு. உயர் இரத்த அழுத்தம் சுமார் 20 விழுக்காடு குறைவு. நீரிழிவு வந்தவர்களுக்கும் சராசரியாக 4 ஆண்டு தாமதமாகத்தான் வந்தது. கருவில் இருந்தபோது மட்டும் கட்டுப்பாட்டில் இருந்தவர்களிடமும் ஓரளவு பலன் தெரிந்தது. குழந்தை திட உணவு சாப்பிடத் தொடங்கும் 6 மாதத்துக்குப் பிறகும் கட்டுப்பாடு நீடித்தவர்களுக்குப் பலன் அதிகம்.

இப்படிப்பட்ட ஆய்வு ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் சொல்லும். உங்கள் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று ஜோசியம் சொல்லாது. சின்ன வயதில் சீனி சாப்பிட்டவர்களுக்கெல்லாம் நீரிழிவு வரும் என்றும் அர்த்தமில்லை. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பங்கீடு என்றால் பட்டினி இல்லை. அப்போது கொடுத்த சீனியின் அளவு இன்றைய ஆரோக்கிய ஆலோசனைகளில் பெரியவர்களுக்குச் சொல்லப்படும் அளவை ஒட்டித்தான் இருந்தது.

ஏன் அப்படி? ஒரு விளக்கம், சின்ன வயதிலேயே இனிப்புக்கு நாக்கு பழகிவிடுகிறது, ஆயுள் முழுக்க அதையே கேட்கிறது. இன்னொன்று, வளர்கிற வயதில் கணையமும் கொழுப்புத் திசுவும் எப்படி அமைகின்றன என்பதையே சீனி பாதிக்கலாம். எது எவ்வளவு என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

நம்ம வீட்டுச் சமையலறையில்

இப்போது யாரும் கைக்குழந்தைக்கு டின்பாலைக் கரைத்துக் கொடுப்பதில்லை, இல்லையா? தோட்டப்புறத்தில் வளர்ந்த என் பாட்டி, தம் பிள்ளைகளில் இருவர் அப்படித்தான் வளர்ந்தார்கள் என்று சாதாரணமாகச் சொல்வார். வேறு வழி இல்லை, விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போகவேண்டும், குழந்தையை ஆயாக் கொட்டகையில் விடவேண்டும். அங்கே டின்னும் சுடுதண்ணியும்தான். இதைக் கேட்டுவிட்டுத் தாய்ப்பால் கொடுக்காத அம்மா என்று யாரையும் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்றைக்கு அதே சீனி வேறு உருவத்தில் வருகிறது. 1 வயதுப் பிள்ளைக்குச் சாக்லெட் மால்ட் பானம், அதில் ஒரு கரண்டி டின்பால். ஒரு மேசைக்கரண்டி டின்பாலில் 2 தேக்கரண்டிக்குக் குறையாத சீனி இருக்கிறது. குழந்தைக்கென்று விற்கும் பிஸ்கட், சுவையூட்டிய தயிர், பாக்கெட் ஜூஸ். பிள்ளை அழுதால் சமாதானத்துக்கு ஒரு இனிப்பு. கொடுப்பவர் பெரும்பாலும் பாசமான தாத்தா பாட்டி, அதனால் வேண்டாம் என்று சொல்வதும் கஷ்டம்.

உலகச் சுகாதார நிறுவனம் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கவும், பிறகு வீட்டு உணவோடு 2 வயதோ அதற்கு மேலோ தொடரவும் சொல்கிறது. 2 வயது வரை இனிப்பு பானங்களே வேண்டாம் என்பது அதன் 2023 வழிகாட்டி. தாய்ப்பால் கொடுக்க முடியாதவர்கள் வயதுக்கேற்ற பால்மாவை, டாக்டரிடமோ தாதியிடமோ கேட்டு, சொன்ன அளவில் கரைத்துக் கொடுக்கலாம். அதில் குற்றவுணர்ச்சி வேண்டியதில்லை.

கர்ப்பகாலமும் கணக்கில் வரும். சிங்கப்பூரில் 2009இல் தொடங்கிய கஸ்ட்டோ ஆய்வில் கலந்துகொண்ட தாய்மார்களில் ஏறத்தாழ 5இல் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. அது தாய்க்குப் பின்னாளில் நீரிழிவு வரும் சாத்தியத்தைக் கூட்டும், பிள்ளையையும் பாதிக்கலாம். கர்ப்பமாக இருக்கும்போது சீனிப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் தள்ளிப்போடாமல் போய்விடுவது நல்லது. அந்த இனிப்புத் தண்ணீரைக் குடிப்பது குமட்டலாகத்தான் இருக்கும், என்ன செய்வது!

அரசாங்கங்களும் சும்மா இல்லை. சிங்கப்பூர் 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தது. 2022 கடைசியில் பாக்கெட் பானங்களுக்கும் ஓராண்டு கழித்துக் கடையில் கலக்கும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் முத்திரை வந்தது. ஆகக் கீழான டி தரம் பெற்ற பானங்களுக்கு விளம்பரம் செய்ய முடியாது. மலேசியாவில் 2019 முதல் இனிப்பு பானங்களுக்கு வரி. 2023இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் அங்கே பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதாவது ஏறக்குறைய 6இல் ஒருவருக்கு.

விளம்பரத்தைக் கட்டுப்படுத்துவது என்பது 1939இல் சிசிலி கேட்டதுதான். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களை எப்படி விளம்பரம் செய்யலாம், எப்படிச் செய்யக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் ஓர் அனைத்துலக நெறிமுறையைக் கொண்டுவந்தது 1981இல். தாதி உடையில் ஆள் அனுப்பும் பழக்கத்துக்கு எதிராக உலகம் முழுக்கக் கிளம்பிய எதிர்ப்பு அதற்கு ஒரு காரணம். ரோட்டரி உரை முடிந்து 42 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சிசிலி திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுபெற்ற பிறகும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பாடம் நடத்தப் போனார். 1992 ஜூலை 13ஆம் தேதி 98 வயதில் ஆக்ஸ்ஃபர்டில் காலமானார். ஹேல்ஸ், பார்க்கர் கட்டுரை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

அடுத்த முறை பேரங்காடியில் டின்பால் எடுத்தால் திருப்பிப் பாருங்கள். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ சின்ன எழுத்தில் இருக்கும். அந்த உரை நீண்ட காலம் யார் கையிலும் எளிதில் கிடைக்காமல் இருந்தது. 1986இல் அப்போது பினாங்கிலிருந்து இயங்கிய அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பு ஒன்று அதைச் சிறு நூலாக வெளியிட்டது. சிசிலிக்கு அப்போது வயது 92.